மூன்று யூனிட்

ஓடக்கரைத் தெரு வீடுகளை
இணைப்பு எண் வைத்துத்தான் எனக்குப் பழக்கம்.
நூற்றுப் பதினேழில் நிலைக்குக் குனிய வேண்டும்.
நூற்று இருபதில் மீட்டர் மாட்டுக் கொட்டகைக்குள்;
மாடு போய்ப் பதினைந்து வருடம், வாடை போகவில்லை.
நூற்று இருபத்துமூன்றில்
நான் நுழைந்ததும் பேச்சை நிறுத்துவார்கள்,
வாசலைத் தாண்டுமுன் விட்ட இடத்தில் தொடங்குவார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
"கரண்ட்டு" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்,
அடுப்படிவரை போகலாம்.
மாப்பிள்ளைக்கே கிடைக்காத உரிமை.

அழகான தெருவாக இருந்தது என்று
இப்போது சொல்கிறார்கள்.
அப்போது எனக்கு அது
ஒட்டடை, தேள், ஆடுகிற ஸ்டூல்,
பல்லில் கடித்த டார்ச்.
ஆற்றில் தண்ணீர் வந்த பத்தாம் நாள்
சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு ஈரம் குடித்திருக்கும்.
மீட்டர் பலகையைத் தொட்டால் விரல் சுரீரென்னும்.
ஒரு நாளைக்கு இருநூறு வீடு.
தூணை எங்கே பார்ப்பது?

நூற்று இருபத்தொன்று பூட்டிக் கிடந்தது ஏழு வருடம்.
வெள்ளை அட்டையில் பெயர் கி. முத்துக்குமாரசாமி.
அவர் இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில்.
ரேழி ஜன்னல் கம்பி வழியே டார்ச் அடித்தால்
சக்கரம் தெரியும். நின்றுவிட்டது என்று தோன்றும்.
பக்கத்து வீட்டுக் கணக்கை முடித்துவிட்டு வந்து பார்த்தால்
சிவப்புக் கோடு ஒரு நெல்லளவு நகர்ந்திருக்கும்.

ஒவ்வொரு முறையும் மூன்று யூனிட்.
நூறுக்குள் இலவசம், ஆகவே யாரும் கேட்கவில்லை.
எலி படிக்குதோ என்று ஃபோர்மேன் சிரித்தார்.
விளக்கென்றால் இருபதாவது ஆகும்.
மூன்று யூனிட்டுக்கு அங்கே என்ன இருக்கிறது?

பிள்ளைகளில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் தோஹாவில்.
மூன்றாமவரைத் தேடிக் கையெழுத்து வாங்க
நாலு வருடம் ஆகியிருக்கிறது.
வயர்மேன் கம்பியை அவிழ்க்குமுன்
கடைசிக் கணக்கு எடுக்கப் போனேன்.
இடிப்பு மேஸ்திரி தனசீலன் முந்திக்கொண்டிருந்தான்.
ஓடு ஒரு பக்கம், உத்தரம் ஒரு பக்கம்.
தூண்களை ஒரு ஹோட்டல்காரர் எடுத்துக்கொண்டாராம்,
சாக்குச் சுற்றிப் படுத்திருந்தன.

நிலைக்கு மேலே இருந்த டப்பாவைக் காட்டி
"இது வேலை செய்யுதாக்கா?" என்றவன்
வாசல் சுவரில் பொத்தானை அழுத்தினான்.

குருவி கத்தியது.
பாதிக் கூரை போன வீட்டில்
பிளாஸ்டிக் குருவி, ஒரே மூச்சில் ஆறு முறை.

எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு
சுலைகா பேகம் வந்து நின்றார்.
"எங்க மணின்னு நெனச்சேன்.
ரெண்டும் ஒரே நாள், ஒரே கடையில வாங்குனது."
யாரும் பதில் சொல்லவில்லை.
முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.
கதவைச் சாத்தவில்லை.

அதுதான் மூன்று யூனிட்.
யாராவது அழுத்தினால் கத்துவதற்கென்று
ஏழு வருடம் விழித்திருந்திருக்கிறது.
அதற்குப் பக்கத்தில் நின்றுதான்
நாற்பது முறைக்குமேல் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
பூட்டின வீட்டில் மணியை யார் அழுத்துவார்கள்?

தனசீலன் அதை நாற்பது ரூபாய்க்கு விற்றான்.
நான் அட்டையில் கடைசி எண்ணை எழுதி
குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

இப்போது அங்கே பதினாறு வீடு.
பதினாறு மீட்டரும் கார் நிற்கும் இடத்தில், ஒரே சுவரில்.
நாலு நிமிட வேலை.
முட்டிக்கு நல்லது, பொய் சொல்லமாட்டேன்.
ஒருத்தர் அடுப்படியும் தெரியாது.
"யாரப் பாக்கணும்?" என்கிறார் வாட்ச்மேன்.
யாரையும் இல்லை.

போன வாரம், மேல் வரிசை, இடமிருந்து நாலாவது.
சிவப்புப் பொட்டு எப்போதோ ஒருமுறை சிமிட்டுகிறது.
வாங்கிப் போட்டிருக்கிறார்களாம், குடிவரவில்லை.
இரண்டு மாதத்தில் மூன்று.

எழுதிக்கொண்டேன்.